மூடியைத் தொடக்கூடாது

ஜூன் 2, திங்கள்

மெல்பா அக்காவின் வீட்டுக்காரர் கிளீட்டஸ் அத்தானின் வள்ளத்து இஞ்சின் இன்று முதல் என் பொறுப்பு. கை வைத்த வேலையை அன்றைக்கே தேதி போட்டு எழுத வேண்டும் என்று டிப்ளமா படிக்கும்போது பழகியது. நாளை யாராவது 'நீ என்ன செஞ்ச' என்று கேட்டால் இந்த நோட்டை முகத்துக்கு நேரே நீட்டலாம்.

இஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை. பெட்ரோல் இஞ்சினிலேயே சின்ன டப்பாவில் இருக்கும். மண்ணெண்ணெய் வள்ளத்துக்குள் பிளாஸ்டிக் கேனில், அங்கிருந்து ரப்பர் குழாய். ஒரு மாதமாகக் கடலில் இருமுகிறது, தத்துகிறது. நாலு வருஷமாக இதைப் பார்த்துவந்த பெர்க்மான்ஸ் அண்ணன் "பழைய சாமானம், வித்துப்போடு" என்று சொல்லிவிட்டார். சங்கு ஊத அவர் யார்?

அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தண்ணீர். உப்புத் தண்ணீர், நாக்கில் வைத்தே பார்த்தேன். கேன் மூடியின் மேல் ஒரு சின்னத் திருகு உண்டு. அது எப்போதும் தளர்ந்தே கிடந்திருக்கிறது. கரையலை தாண்டும்போது அடிக்கும் தண்ணீர் அதன் வழியாக உள்ளே போகிறது.

செய்த வேலை: கேனைக் கழுவினேன். கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தேன். பிளக் இரண்டும் புதிது. மூடியையும் திருகையும் இறுக்கினேன். அத்தானையும், கூடப் போகும் ராயப்பன் மாமாவையும் நிற்கவைத்துச் சொன்னேன்: "நான் முறுக்கினத யாரும் தொடப்பிடாது. மூடியில கை வைக்கப்பிடாது."

ராயப்பன் மாமா தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்: "அப்ப நாளைக்கு நீயும் ஏறுதியா மக்கா?"

எங்கள் கடற்கரையில் அப்படி ஒரு வழக்கம். இஞ்சினில் கை வைத்தவன் முதல் நாள் வள்ளத்தில் ஏறி உட்கார வேண்டும். ஆப்பரேஷன் செய்த டாக்டர் பக்கத்துக் கட்டிலில் படுப்பாரா என்று கேட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

இருமல் போய்விட்டது. ஆனால் அரை மணி ஓடியதும் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றுபோயிற்றாம். அத்தான் "கழுத்தப் புடிச்சு நெரிச்ச மாதிரி அடங்கிச்சு" என்றார். அதே நோய் வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. விடமாட்டேன்.

ஜூன் 5, வியாழன்

கடற்கரையில் பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இஞ்சினை மாட்டி, இரண்டு மணி நேரம் ஓட்டினேன். என் சொந்தக் கேன், நானே வடிகட்டிய மண்ணெண்ணெய். பரிசோதனை என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு தத்தல் இல்லை. தையல் மெஷின் மாதிரி ஓடியது.

மாலையில் அத்தான் திரும்பி வந்து சொன்னார்: "நின்னு போச்சு."

"எப்படி நிக்கும்? காலையில ரெண்டு மணி நேரம் ஓடிச்சு."

"டிரம்ல மீன் இருந்துச்சா லிபின்?"

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பெர்க்மான்ஸ் அண்ணன் அங்கேதான் இன்னொரு வள்ளத்து இஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். தலை நிமிராமலே, "டிரம் இஞ்சினியரு" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. வைத்துக்கொள்ளட்டும். டிரம்மில் கடலளவு பளு வராது என்று எனக்கும் தெரியும். அதற்காகக் கடலில் போய் இஞ்சினைப் பிரிக்க முடியுமா?

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை இங்கே யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். வள்ளம் சும்மா கிடக்கும் ஒரே நாள். பூசைக்குப் போகாமல் இஞ்சினை முழுக்க இறக்கினேன். மெல்பா அக்கா கோயிலிலிருந்து வந்ததும் முக்காட்டைக்கூட எடுக்காமல் ஆரம்பித்தாள்: "சாமியார் ஒன்னக் கேட்டாரு. இஞ்சின் கூட குடும்பம் நடத்துதான்னு சொன்னேன்."

கண்டுபிடித்துவிட்டேன். கிராங்க் தண்டின் கீழ்முனை ரப்பர் சீல் கெட்டி தட்டிப்போயிருக்கிறது. அந்த வழியாகக் காற்று இழுத்தால் கீழ்ச் சிலிண்டர் பட்டினி கிடக்கும். போன வருஷம் பெர்க்மான்ஸ் அண்ணன் புதுச் சீல் போட்டதாகச் சொன்னார். இது புதுச் சீலா? பழையதைத் துடைத்துத் திரும்பப் போட்டிருக்கிறார். சீலின் மேல் அச்சு எழுத்து அழியாமல் இருக்கிறது, அது வேறு விஷயம்.

கடற்கரையில் மீன் ஏலம் விடும் மேடையில் ஏறி நின்று, சீலைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பெர்க்மான்ஸ் அண்ணன் எழுந்து வந்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். சீலை வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்து, திரும்ப என் கையில் வைத்தார்.

"ஒரு வருசம் உப்புத் தண்ணியில கெடந்த சீலு இப்படித்தாம்லே இருக்கும்" என்றார்.

சாக்கு. புதுச் சீல் போட்டு மூடினேன். இனி நிற்காது.

ஜூன் 9, திங்கள்

நின்றது.

ஜூன் 10, செவ்வாய்

நாகர்கோவில் போய், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் காயில் வாங்கிவந்தேன். சூடானால் காயில் தளரும், அரை மணிக் கணக்கு அதற்குப் பொருந்தும். மாட்டினேன்.

ராயப்பன் மாமாவிடம் விவரமாகக் கேட்டேன்: நிற்கும்போது என்ன நடக்கிறது, எப்படித் திரும்பக் கிளம்புகிறது?

"மண்ணெண்ண இருக்கான்னு மூடியத் தொறந்து பாப்பேன். ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவேன். மூடுவேன். இழுத்தா கெளம்பிரும்."

"ஜெபத்துல ஓடுதா இஞ்சின்?"

"ஓடுதுல்லா?"

"அப்ப என்ன எதுக்குக் கூப்பிட்டீங்க, சாமியாரக் கூப்பிடுங்க."

இதைத்தான் பொறுக்க முடியவில்லை. நடுக்கடலில் மூடியைத் திறந்தால் தண்ணீர் உள்ளே தெறிக்காதா? முதல் நாளே சொன்னேன். இன்று கத்தியே சொன்னேன். இன்னொரு தரம் மூடியைத் திறந்தது தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன், நீங்களும் உங்கள் ஜெபமும் என்று. ஐம்பது வயது மனிதர், திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "சரி மக்கா. தொறக்கல்ல" என்றார்.

ஜூன் 12, வியாழன்

மழை. கடல் எழும்பிவிட்டது. யாரும் போகவில்லை. காலையில் அக்காவின் மிக்சியைச் சரிசெய்தேன். ஐந்து நிமிடம். மிக்சிக்கு நன்றி.

ஜூன் 14, சனி

காயில் மாற்றியும் நேற்று ஒரு தரம் நின்றதாம். துடுப்புப் போட்டே வந்திருக்கிறார்கள். அக்கா சாளை மீன் சுத்தம் செய்துகொண்டே பேச்சை எடுத்தாள்.

"நீ ஒருக்கா கூடப் போயிப் பாத்தா என்ன?"

"எனக்கு இங்க வேல இருக்கு."

"என்ன வேல? மிக்சியா?"

"பரிசோதனைக்கு ஆடாத இடம் வேணும்."

"ஆடாத இடம்!" கத்தியைக் கீழே வைத்தாள். "பதினாலு வயசுல அப்பா கூடப் போயி, கரைக்கு வாற வரைக்கும் கொடல் வெளிய வாற மாதிரி கக்கினியே. அதுக்கப்புறம் ஏறல்ல. ஒத்துக்காதுன்னு சொல்லிரு. வெக்கமா?"

வெட்கம் ஒன்றும் இல்லை. எனக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான்.

"இப்பம் கரையலை ஆளுயரத்துக்கு அடிக்குது" என்றாள், என்னைப் பார்க்காமல். "ஆழத்துல நின்னா துடுப்புப் போட்டு வந்துருவாவ. கரையலையில நின்னா?"

ஜூன் 17, செவ்வாய்

கரையலையில் நின்றது.

நான் கரையில் இருந்தேன். வள்ளம் மூன்றாவது அலையின் முதுகில் ஏறி வந்துகொண்டிருந்தது. சத்தம் குறைவது கேட்டது. அடங்கி, அடங்கி, இல்லாமல் போயிற்று. வள்ளம் குறுக்கே திரும்பியது. அடுத்த அலை புரட்டிப் போட்டது. பத்துப் பேர் ஓடி இறங்கினார்கள். நானும் இறங்கினேன், இடுப்பளவுக்கு. அத்தானைத் தூக்கிவிட்டார்கள். ராயப்பன் மாமாவின் வலது கை வள்ளத்தின் விளிம்புக்கும் மணலுக்கும் நடுவில் மாட்டியிருந்தது.

முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது. மாவுக்கட்டு, ஆறு வாரம்.

ஜூன் 18, புதன்

ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே சொன்னேன், பெர்க்மான்ஸ் அண்ணன் அந்த இஞ்சினை உள்ளே எங்கேயோ கெடுத்து வைத்திருக்கிறார், நான் வருவதற்கு முன்பே கெட்டது என்று. யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வள்ளக்காரர்கள் பெர்க்மான்ஸ் அண்ணனிடம் கொடுத்திருந்த இஞ்சின்களை எடுத்துக்கொண்டு போய்விட்டதாகக் கேள்வி.

இஞ்சினைக் கழுவி, எண்ணெய் விட்டு, மறுபடி கிளப்பினேன். டிரம்மில். அருமையாக ஓடுகிறது. டிரம்மை உதைத்தேன். கால் வீங்கியிருக்கிறது.

சாப்பிடும்போது அத்தான் சொன்னார்: "நாளைக்குப் போறேன்."

"யாரு கூட?" என்றாள் அக்கா.

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்த வள்ளத்தில் யார் ஏறுவார்கள்?

"நான் வருதேன்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இஞ்சின் எங்கே நிற்கிறதோ அங்கே போய்ப் பார்க்க வேண்டியதுதானே. இதில் என்ன அதிசயம்?

ஜூன் 19, வியாழன்

எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஒரு வரி விடாமல்.

விடியும்போது வள்ளத்தை இறக்கினோம். பெட்ரோலில் கிளப்பினேன். முதல் அலைக்கு முன்னால் அத்தான் குனிந்து கேன் மூடியின் திருகை ஒரு முறுக்கு முறுக்கினார். பார்த்தேன். அலை தாண்டும்போது மூட வேண்டியதுதான், சரி என்று நினைத்தேன். கரையலை தாண்டி, மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நான் எதையும் பார்க்கவில்லை. விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டுக் கக்கிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. காலையில் குடித்த கட்டன்சாயா முதலில் போனது, பிறகு என்ன போனது என்று தெரியாது.

"திரும்பிருவோமா?" என்று அத்தான் கேட்டார்.

"நிக்கட்டும். நின்ன பொறவு திரும்பலாம்" என்றேன்.

முப்பத்தைந்தாவது நிமிடம் வந்தது. அத்தான் சொன்னது சரி, கழுத்தை நெரிப்பது மாதிரிதான். வேகம் இறங்குகிறது, இறங்குகிறது. வாயைத் துடைத்துக்கொண்டு குழாயைப் பிடித்தேன். குழாயின் நடுவில் கையால் அமுக்கி எண்ணெய் ஏற்றும் ரப்பர் உருண்டை ஒன்று உண்டு. அது உருண்டையாக இல்லை. சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி தட்டையாக ஒட்டிக் கிடந்தது. கேனைப் பார்த்தேன். கேனின் இரண்டு பக்கமும் கன்னம் ஒட்டியதுபோல் உள்ளே போயிருந்தன.

இஞ்சின் நின்றது.

திருகைத் திறந்தேன். ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு மூச்சு உள்ளே போயிற்று. கேன் 'டப்' என்று பழையபடி உப்பியது. என் கைக்குள்ளேயே ரப்பர் உருண்டை திரண்டது. கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பு. நான்கு மணி நேரம் ஓட்டினோம். நிற்கவில்லை.

மண்ணெண்ணெய் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்குத்தான் அந்தத் திருகு. கேன் மூச்சுவிடும் மூக்கு அது. மூக்கை அடைத்தால் அரை மணி நேரம் தாங்கும். பிறகு மண்ணெண்ணெய் வராது. மூடியைத் திறந்தால் காற்று போகும், மறுபடி ஓடும். நடுவில் மரியே வாழ்க சொன்னாலும் ஓடும், சொல்லாவிட்டாலும் ஓடும்.

டிரம்மில் ஏன் ஓடியது? என் சொந்தக் கேன். அதன் திருகை நான் திறந்துதான் வைப்பேன். நினைத்துக்கூடச் செய்வதில்லை, கை தானாகத் திறக்கும்.

அத்தானைப் பார்த்துக் கத்தினேன்: "அலை தாண்டினதும் தொறக்கணும்னு தெரியாதா?"

"தொடப்பிடாதுன்னு சொன்னது ஆரு?"

"தண்ணி அடிக்கிற எடத்துல மூடணும்னு சொன்னேன். தாண்டினதும் தொறக்கணும்!"

"தொறக்கணும்னு சொல்லல்ல."

"சொன்னேன்!"

"சொல்லல்ல லிபின்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இந்த நோட்டைப் புரட்டினேன். யாராவது கேட்டால் முகத்துக்கு நேரே நீட்டலாம் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா. ஜூன் 2: 'மூடியில கை வைக்கப்பிடாது.' ஜூன் 10: 'இன்னொரு தரம் மூடியைத் திறந்தது தெரிந்தால்...' மூன்று தரம் படித்தேன். 'திற' என்று எங்கேயும் இல்லை.

முதல் கோளாறு தண்ணீர். அதைச் சரிசெய்தேன். இரண்டாவது கோளாறு நான்.

நோட்டை எடுத்துக்கொண்டு பெர்க்மான்ஸ் அண்ணனிடம் போனேன். மடியில் ஸ்பானரை வைத்துக்கொண்டு, வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன டிரம் இஞ்சினியரே, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

"கடல்ல போனேன்."

"அப்படியா! கடலு எப்படி, நல்லா இருந்துச்சா?"

சொன்னேன். சீல் கெட்டது வயதினால், அவரால் அல்ல என்றும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்க கிட்ட என்னத்துக்குச் சொல்லுத? எனக்குத்தான் தெரியுமே. எங்க ஏறி நின்னு சொன்னியோ அங்க ஏறி நின்னு சொல்லு."

போனேன். மாலை ஏலத்துக்குக் கூட்டம் சேர்ந்திருந்தது. மேடையில் ஏறினேன். நான் திருகை மூடச் சொன்னேன், திறக்கச் சொல்லவில்லை, வள்ளம் புரண்டது அதனால்தான், பெர்க்மான்ஸ் அண்ணன் மேல் நான் சொன்னது பொய் என்றேன். ஒருவன் விசில் அடித்தான். ஒருத்தி, "படிச்ச பிள்ளையில்லா, பாதிதான் படிச்சிருக்கு!" என்றாள். நன்றாகச் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன், பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

ஜூன் 20, வெள்ளி

ராயப்பன் மாமா வீட்டுக்குப் போவதற்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். மேடையில் ஏறுவது இதைவிட லேசு.

மாமி கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக்கொண்டாள். மாமா பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டைத் தலையணை மேல் வைத்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். திருகு, காற்று, கேன், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அந்தச் சின்னத் திருகா?"

"ஆமா மாமா."

"அத தெனமும் காலம்பற முறுக்குறது நானாக்கும். நீ சொன்னியேன்னு. கிளீட்டஸ் மறந்துபோவான், நான் மறக்கமாட்டேன்."

மாமி உள்ளேயிருந்து பாத்திரத்தை 'டங்' என்று வைத்தாள்.

"அண்ணைக்கு வரும்போ சத்தம் கொறஞ்சுது" என்றார் மாமா. "மூடியத் தொறந்து பாப்போமான்னு கை போச்சு. பொறவு வேண்டாம்னு வச்சேன். நீ ஏசுவேல்லா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நானும் திரும்பப் பேசியிருப்பேன், பேச எனக்கு வரும்.

"எத்தன வாரம் சொன்னாவ?" என்றேன்.

"ஆறு."

"அந்த ஆறு வாரமும் ஒங்க எடத்துல நான் போறேன். ஒங்க பங்குக் காசு இங்க வரும்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். நேற்று நான் கக்கியது ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. "நீயா?" என்றார். முதல் தரமாகச் சிரித்தார், கை வலித்திருக்க வேண்டும், உடனே நிறுத்திக்கொண்டார்.

மாமி கதவருகே வந்து நின்றாள். "இவன் எத்தன நாளு தாங்குவான்?" என்று மாமாவிடம் கேட்டாள், நான் அங்கே இல்லாதது போல.

"ஞாயிறு போக முப்பத்தாறு" என்றேன்.

ஜூன் 21, சனி

நான்கு தரம் கக்கினேன். நெத்திலி இரண்டு கூடை. முப்பத்தைந்து பாக்கி.